பாதியில் நிற்கக் கூடாத சிகிச்சை: முற்றிய கருப்பை வாய்ப் புற்றுநோயும் கதிர்வீச்சும்

கருப்பை வாய்ப் புற்றுநோயோடு நம் நாட்டு மருத்துவமனைகளுக்கு வரும் பெண்களில் பெரும்பாலோர் அறுவை சிகிச்சைக்குரிய கட்டத்தைத் தாண்டிய பிறகே வருகிறார்கள். மாதவிலக்கு நின்று பல வருடம் கழித்து மறுபடியும் உதிரம் படும்; வெள்ளைப்படுதலில் துர்நாற்றம் இருக்கும்; இடுப்பு வலிக்கும். வயதானால் அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டும், வெளியில் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டும் மாதங்கள் ஓடிவிடும். கடைசியில் மருத்துவர் பரிசோதித்துவிட்டு, "நோய் முற்றியிருக்கிறது. ஆபரேஷன் வேண்டாம், கதிர்வீச்சு கொடுக்கலாம்" என்கிறார். வீட்டார் காதில் அது கைவிரித்த பேச்சாகவே விழுகிறது.

அப்படி நினைத்து எத்தனையோ குடும்பங்கள் மனம் தளர்ந்துவிடுகின்றன. உண்மை வேறு. இந்த நோயில் கதிர்வீச்சு என்பது அறுவை சிகிச்சை செய்ய வழியில்லாதபோது ஒப்புக்குத் தரப்படும் ஒன்றல்ல. குணப்படுத்தும் நோக்கத்தோடு தரப்படும் முதன்மையான சிகிச்சையே அதுதான். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: முழுவதையும், குறித்த காலத்துக்குள் முடிக்க வேண்டும்.

2022ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அந்த ஒரே ஆண்டில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்நோய் வந்தது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். சிகிச்சை முறை தெரிந்திருக்கும் ஒரு நோயில் இத்தனை பேரை இழப்பது எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது.

எது முற்றிய நிலை?

கருப்பையின் அடிப்பகுதி குறுகி, பிறப்புறுப்புப் பாதைக்குள் இறங்கும் இடம்தான் கருப்பை வாய். முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல், இரு பக்கமும் கருப்பையை இடுப்பெலும்போடு பிணைக்கும் மென்மையான திசுக்கள். அந்தத் திசுக்களின் ஊடாகத்தான் சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய்கள் செல்கின்றன. இந்த அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டால் நோயின் நிலைகள் எளிதாகப் புரியும்.

கட்டி சிறியதாக, கருப்பை வாய்க்குள்ளேயே இருந்தால் ஆரம்ப நிலை. நான்கு சென்டிமீட்டரைத் தாண்டி வளர்ந்தாலோ, பக்கத் திசுக்களுக்குப் பரவினாலோ, பெரும்பாலும் கதிர்வீச்சே முதல் தேர்வு. பக்கத் திசுக்களில் பரவியது இரண்டாம் நிலையின் பிற்பகுதி. அது இடுப்பெலும்புச் சுவரைத் தொட்டுவிட்டாலோ, சிறுநீர்க் குழாயை நெருக்கிச் சிறுநீரகத்தை வீங்கச் செய்தாலோ, பிறப்புறுப்புப் பாதையின் அடிப்பகுதிக்கு இறங்கினாலோ மூன்றாம் நிலை. 2018இல் நிலைப்பிரிவுகளைத் திருத்தியபோது, நிணநீர்க் கணுக்களில் நோய் இருந்தாலும் மூன்றாம் நிலை என்றே கொள்ள வேண்டும் என்று சேர்த்தார்கள். சிறுநீர்ப்பைக்கோ மலக்குடலுக்கோ உள்ளே நுழைந்துவிட்டால் நான்காம் நிலையின் முதல் பகுதி. நுரையீரல், கல்லீரல், எலும்பு என்று தொலைவுக்குப் போய்விட்டால் அதன் இரண்டாம் பகுதி.

கடைசியாகச் சொன்ன அந்தத் தொலைதூரப் பரவலைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் நோய் இடுப்புக் கூட்டுக்குள்ளும் அதை ஒட்டிய நிணநீர்க் கணுக்களிலும்தான் இருக்கிறது. அதனால்தான் அங்கே குணப்படுத்தும் முயற்சிக்கு இடம் இருக்கிறது. மருத்துவர் "முற்றியது" என்று சொன்னால் எந்த நிலை என்று அவரிடமே கேளுங்கள். அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் எல்லாம்.

ஏன் வெட்டி எடுத்துவிடக் கூடாது என்ற கேள்வி நியாயமானது. பக்கத் திசுக்களில் வேர்விட்ட கட்டியை முழுதாக எடுக்கக் கத்திக்கு இடம் போதாது. ஓரத்தில் நோய் மிஞ்சிவிடும். மிஞ்சியதற்குப் பிறகு கதிர்வீச்சும் கொடுத்தாக வேண்டியிருக்கும். இரண்டு சிகிச்சைகளின் பாதிப்பையும் ஒரே உடல் சுமக்கும். கருப்பை போய்விட்டால், பின்னால் விளக்கப்போகும் உள் கதிர்வீச்சைச் சரியாகக் கொடுக்கவும் வழியில்லாமல் போகும். முதலில் மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, பிறகு அறுவை சிகிச்சை செய்தால் என்ன என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனை 600க்கும் மேற்பட்ட பெண்களிடம் ஆராய்ந்து, 2018இல் முடிவை வெளியிட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து நோயின்றி இருந்தவர்கள் அறுவை சிகிச்சைப் பிரிவில் 69 சதவீதம். கதிர்வீச்சோடு மருந்தும் பெற்ற பிரிவில் 77 சதவீதம். "காசு செலவானாலும் பரவாயில்லை, எப்படியாவது ஆபரேஷன் செய்துவிடுங்கள்" என்று மன்றாடும் குடும்பங்களுக்கு இந்த விவரத்தைச் சொல்ல வேண்டும்.

கதிர் என்ன செய்கிறது?

மருத்துவமனை வராந்தாக்களில் "கரன்ட் வைப்பது" என்றுதான் இந்தச் சிகிச்சையைச் சொல்கிறார்கள். ஷாக் அடிக்குமோ, உடம்பு எரியுமோ என்ற பயம் அதோடு சேர்ந்தே வருகிறது. உடலுக்குள் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. எக்ஸ்ரே எடுக்கும்போது பாயும் அதே வகைக் கதிர்தான் இதுவும். ஆற்றல் மட்டும் பல மடங்கு அதிகம். எக்ஸ்ரே எடுக்கும்போது எப்படி ஒன்றும் தெரிவதில்லையோ, அப்படியே இங்கும் தெரியாது.

அந்தக் கதிர் உயிரணுவின் டி.என்.ஏ. இழைகளை அறுக்கிறது. நலமான அணுக்களும் அடிபடுகின்றன. ஆனால் அவற்றால் அறுந்த இழைகளைச் சில மணி நேரத்தில் பெருமளவு சரிசெய்துகொள்ள முடியும். புற்றணுக்களுக்கு அந்தத் திறன் குறைவு. அடுத்த முறை பிரிந்து பெருக முயலும்போது அவை மடிகின்றன. மொத்த அளவையும் ஒரே நாளில் கொடுக்காமல் தினமும் சிறிது சிறிதாகக் கொடுப்பதன் காரணம் இதுவே: ஒவ்வொரு இரவும் நலமான திசுவுக்கு ஆறிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது.

கதிர் அறுத்த இழை மீண்டும் ஒட்டிக்கொள்ளாமல் தடுப்பதில் ஆக்சிஜனுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆக்சிஜன் குறைந்த கட்டி கதிரைத் தாக்குப்பிடிக்கும். மாதக்கணக்கில் உதிரம் போய் வெளிறிப்போயிருக்கும் பெண்ணுக்குச் சிகிச்சை தொடங்கும் முன்னும் நடுவிலும் இரத்தம் ஏற்றுவது இதற்காகவும்தான். ஹீமோகுளோபின் 10க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளப் பல மருத்துவர்கள் முயல்கிறார்கள். வாரந்தோறும் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்தால் சலித்துக்கொள்ளாதீர்கள்.

வெளியிலிருந்து வரும் கதிர்

சிகிச்சைக்கு இரண்டு பாதிகள். முதல் பாதி வெளிக் கதிர்வீச்சு. முதலில் ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்து, கட்டி, நிணநீர்க் கணுக்கள், குடல், சிறுநீர்ப்பை எல்லாவற்றையும் திரையில் வரைந்து, எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் என்று மருத்துவரும் கதிரியல் இயற்பியலாளரும் சேர்ந்து திட்டமிடுகிறார்கள். அடிவயிற்றிலும் இடுப்பின் இரு பக்கத்திலும் மையால் கோடோ புள்ளியோ வைப்பார்கள். தினமும் அதே இடத்தில் கதிர் விழுவதற்கான அடையாளம் அது. தேய்த்துக் குளித்து அழித்துவிடக் கூடாது.

பிறகு திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் ஒரு முறை, ஏறத்தாழ ஐந்து வாரங்கள். வழக்கமான கணக்கு 25 நாட்களில் 45 கிரே. கதிரின் அளவைச் சொல்லும் அலகு கிரே. மேசையில் படுத்திருக்கும் நேரம் கால் மணிக்குள் அடங்கும். அதில் கதிர் பாயும் நேரம் சில நிமிடங்களே. சிறுநீர் கழித்துவிட்டு, சொன்ன அளவு தண்ணீர் குடித்து, சொன்ன நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். நிரம்பிய சிறுநீர்ப்பை குடலை மேலே தள்ளி, கதிரின் பாதையிலிருந்து விலக்கிவைக்கும். பக்கவிளைவைக் குறைக்க நோயாளியே செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அது.

சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்ததும் பேரக்குழந்தையைத் தூக்கலாமா என்று பாட்டிகள் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். தாராளமாகத் தூக்கலாம். இயந்திரம் நின்றவுடன் கதிரும் நின்றுவிடுகிறது. உடலில் எதுவும் தங்குவதில்லை. தனித் தட்டு, தனிப் பாய் எதுவும் வேண்டாம். அப்படிப் பிரித்துவைக்கும் வீடுகளில் அந்தப் பெண்ணுக்கு நோயைவிட அந்தப் பாய்தான் அதிகம் வலிக்கும்.

இந்த ஐந்து வாரங்களில் வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்ற மருந்தையும் சிரைவழியே ஏற்றுகிறார்கள். குறைந்த அளவில் தரப்படும் இந்த மருந்தின் முதல் வேலை, கதிர் ஏற்படுத்திய காயத்தைப் புற்றணு சரிசெய்துகொள்ளாமல் தடுப்பது. 1999 பிப்ரவரியில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம், ஐந்து ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து, கதிர்வீச்சோடு இந்த மருந்தையும் தருவதைப் பரிசீலிக்குமாறு மருத்துவர்களுக்கு அவசர அறிவிப்பு அனுப்பியது. இறப்பு அபாயத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை குறைவு தெரிந்திருந்தது. அந்த ஆய்வுகளில் மூன்றாம் நிலைப் பெண்கள் குறைவு என்பதால், நம் நோயாளிகளுக்கு அது பொருந்துமா என்ற ஐயம் வெகுகாலம் நீடித்தது. மூன்றாம் நிலையின் பிற்பகுதியில் இருந்த 850 பெண்களை வைத்து டாடா மருத்துவமனையே அதற்கும் விடை கண்டது: ஐந்து ஆண்டுகள் உயிரோடு இருந்தவர்கள் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 46 சதவீதம், மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 54 சதவீதம்.

சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. ஆகவே கட்டி சிறுநீர்க் குழாயை அடைத்திருந்தால், முதலில் உள்ளே ஸ்டென்ட் வைத்தோ, முதுகுப் பக்கமாகச் சிறு குழாய் போட்டோ அடைப்பைத் தீர்ப்பார்கள். புற்றுநோய்ச் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார்களே என்று வீட்டார் பதறுவதுண்டு. சிகிச்சைக்கு வழிவிடும் வேலைதான் அது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இந்த அளவு மருந்தில் தலைமுடி முழுதும் உதிர்வது அரிது. முடியை நினைத்துச் சிகிச்சைக்கு மறுத்த பெண்கள் உண்டு என்பதால் சொல்கிறேன்.

இரண்டாம் பாதி: உள் கதிர்வீச்சு

வெளிக் கதிர் தொடங்கிச் சில வாரங்களில் உதிரப்போக்கு நின்றுவிடும். நாற்றம் குறையும், வலி தணியும், நன்றாகத் தூக்கம் வரும். ஐந்து வாரம் முடியும்போது பல பெண்களுக்கு நோய் போய்விட்டதாகவே தோன்றும். ஊரில் வயல் வேலை காத்திருக்கிறது, கையில் பணம் கரைந்துவிட்டது, துணைக்கு வந்த மகனுக்கு லீவு இல்லை. "உள்ளே வைக்கும் கதிர்வீச்சு பாக்கி இருக்கிறது, அடுத்த வாரம் வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினால் சிலர் திரும்பி வருவதே இல்லை. சில மாதங்கள் கழித்து, நோய் மறுபடி வளர்ந்த பிறகு வருகிறார்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

கட்டியின் வெளிப்பகுதி சுருங்கியிருக்கலாம். ஆனால் நடுவில் புற்றணுக்கள் இன்னும் உயிரோடு இருக்கும். அவற்றைக் கொல்ல 80 கிரேக்கு மேல் தேவை. வெளியிலிருந்து அவ்வளவு கொடுத்தால் இடையில் இருக்கும் குடல் தாங்காது, ஓட்டை விழும். அதனால் வெளிக் கதிர் 45, 50 கிரேயோடு நின்றுவிடுகிறது. மீதியை உள்ளேயிருந்துதான் கொடுக்க முடியும். கருப்பை வாய்க்கு இயற்கையாகவே ஒரு வழி இருக்கிறது. கதிரை வெளியிடும் சிறு பொருளை, அதாவது கதிர் மூலத்தை, கட்டியின் நடுவிலேயே கொண்டுபோய் வைக்கலாம். விளக்கின் அருகில் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்தாலும் நான்கடி தள்ளி மங்கிவிடுவதுபோல, மூலத்தை ஒட்டிய இடத்தில் கதிர் மிகக் கடுமையாகவும், சில சென்டிமீட்டர் தள்ளி வெகுவாகக் குறைந்தும் இருக்கும். கட்டிக்கு முழு அடி. சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் தாங்கக்கூடிய அளவு.

கணக்காகவே பார்க்கலாம். இந்தியாவில் பரவலாக உள்ள ஒரு முறை, தடவைக்கு 7 கிரே வீதம் நான்கு தடவை. கூட்டினால் 28தான். ஆனால் ஒரே மூச்சில் தரப்படும் பெரிய அளவு புற்றணுவின் மீது அதிக வலுவோடு இறங்கும் என்பதால், வழக்கமான தினசரி அளவுக்கு மாற்றினால் அது சுமார் 40 கிரேக்குச் சமம். வெளிக் கதிரின் 45ஐ அதே அளவுகோலில் பார்த்தால் 44. இரண்டும் சேர்ந்து 84. சிகிச்சையின் ஏறத்தாழ பாதி உள்ளேயிருந்துதான் வருகிறது. வெளிக் கதிரோடு ஊருக்குப் போய்விட்ட பெண் சிகிச்சையின் வால் பகுதியை மட்டும் விட்டுவிட்டுப் போகவில்லை. கட்டியின் மையத்தைக் கொல்லும் பாதியையே விட்டுவிட்டுப் போகிறாள்.

பணக்கார நாடுகளிலும் இந்தத் தவறு நடந்திருக்கிறது. அமெரிக்காவில் புதிய கணினி இயந்திரங்கள் வந்தபோது, வெளியிலிருந்தே துல்லியமாகக் கூடுதல் கதிர் கொடுத்துவிடலாம் என்று நம்பி, உள் கதிர்வீச்சைச் சிலர் கைவிட்டார்கள். 1988இல் 83 சதவீதப் பெண்களுக்குக் கிடைத்தது, 2009இல் 58 சதவீதமாக இறங்கியது. பதிவேட்டு விவரங்களை ஒப்பிட்டபோது, நான்கு ஆண்டுகள் உயிரோடு இருந்தவர்கள் உள் கதிர்வீச்சு பெற்றவர்களில் 58 சதவீதம், பெறாதவர்களில் 46 சதவீதம். ஆகவே மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது இயந்திரம் எவ்வளவு புதியது என்று கேட்பதைவிட, "உள் கதிர்வீச்சு இங்கேயே கொடுப்பீர்களா, இல்லையென்றால் எங்கே, எந்தத் தேதியில்?" என்று கேளுங்கள். பழைய கோபால்ட் இயந்திரமும் ஒழுங்கான உள் கதிர்வீச்சும் உள்ள அரசு மருத்துவமனை, பளபளக்கும் இயந்திரம் மட்டும் உள்ள தனியார் மருத்துவமனையைவிட இந்த நோய்க்கு மேலானது என்பது என் உறுதியான எண்ணம்.

உள் கதிர்வீச்சு என்றாலே நடுங்குகிறார்கள். என்ன நடக்கும் என்று யாரும் விவரமாகச் சொல்லாததே அதற்குப் பாதிக் காரணம். சொல்கிறேன். அறுவை அரங்கில், பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தோ, மயக்கம் கொடுத்தோ தொடங்குவார்கள். சிறுநீர்க் குழாய் பொருத்துவார்கள். மெல்லிய உலோகக் குழாய் ஒன்றைக் கருப்பைக்குள் செலுத்துவார்கள். கருப்பை வாயின் இரு பக்கமும் இரண்டு சிறு முட்டை வடிவக் கருவிகளையோ, ஒரு வளையத்தையோ பொருத்துவார்கள். பிறகு துணிச் சுருளை முன்னும் பின்னும் அடைப்பார்கள். கருவி நகராமல் இருக்கவும், சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் தள்ளிவைக்கவும் அது உதவும். வெட்டு, தையல் எதுவும் கிடையாது. கட்டி பக்கவாட்டில் அகலமாக மிஞ்சியிருந்தால் மட்டும் மெல்லிய ஊசிக் குழாய்கள் சிலவற்றையும் செலுத்துவார்கள்.

இதுவரை கதிர் எதுவும் இல்லை. உள்ளே இருப்பது வெறும் குழாய்கள். அப்படியே ஸ்கேன் எடுத்து, கணினியில் திட்டமிடுவார்கள். இந்தக் காத்திருப்புதான் கடினமான பகுதி. ஒன்றிரண்டு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும், அசையாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். மரப்பு விலகத் தொடங்கினால் வலிக்கும். வலித்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள், மருந்து கேளுங்கள். சகித்துக்கொள்வதில் எந்தப் பெருமையும் இல்லை. முதல் தடவை வலியால் துடித்த பெண் இரண்டாம் தடவைக்கு வருவதில்லை என்பதை ஒவ்வொரு மருத்துவக் குழுவும் நினைவில் வைத்திருக்க வேண்டும். வலி தணிப்பதும் இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதியே.

திட்டம் தயாரானதும் குழாய்களை இயந்திரத்தோடு இணைத்துவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். கேமராவில் பார்த்துக்கொண்டும் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டும் இருப்பார்கள். கம்பி முனையில் உள்ள இரிடியம் அல்லது கோபால்ட் மூலம், நீளத்தில் சில மில்லிமீட்டரே உடையது, குழாய்க்குள் போய் ஒவ்வொரு இடத்திலும் சில நொடிகள் நின்று நகரும். எல்லாம் சேர்ந்து பத்து முதல் இருபது நிமிடங்கள் வரை ஆகலாம். முடிந்ததும் மூலம் கதிரைத் தடுக்கும் தன் பெட்டகத்துக்குத் திரும்பிவிடும். கருவியைக் கழற்றுவார்கள். சில மணி நேரம் படுத்து எழுந்து வீட்டுக்குப் போகலாம். உடலில் கதிர் தங்காது. முன்பெல்லாம் சீசியம் மூலங்களை ஒன்றிரண்டு நாட்கள் உள்ளேயே வைத்துத் தனி அறையில் படுக்கவைப்பார்கள். வயதானவர்கள் சொல்லும் பயங்கரக் கதைகள் அந்தக் காலத்தவை.

நூறு ஆண்டுகளுக்கும் மேலான மரபு இது. 1898இல் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டறிந்த சில ஆண்டுகளிலேயே கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அதைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டார்கள். கதிர் அளவைக் கணக்கிட 1938இல் மான்செஸ்டரில் வகுத்த முறை உலகெங்கும் பல தலைமுறை மருத்துவர்களுக்கு வழிகாட்டியது. இப்போது எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்து, மிஞ்சிய கட்டியின் வடிவத்துக்கு ஏற்பக் கதிரை வளைக்க முடிகிறது. அப்படிச் சிகிச்சை பெற்ற 1,300க்கும் மேற்பட்ட பெண்களைப் பல நாடுகளில் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து ஆண்டுகளில் கருப்பை வாய்க் கட்டி கட்டுக்குள் இருந்தது 92 சதவீதம் பேருக்கு. "முற்றிவிட்டது" என்று கேட்டு உடைந்துபோன குடும்பங்கள் இந்த எண்ணையும் கேட்க வேண்டும்.

எட்டு வாரக் கெடு

வெளிக் கதிரின் முதல் நாளிலிருந்து உள் கதிரின் கடைசி நாள் வரை எல்லாம் எட்டு வாரங்களுக்குள், அதாவது 56 நாட்களுக்குள் முடிய வேண்டும். அடிபட்ட புற்றுநோய் சும்மா இருப்பதில்லை. மிஞ்சிய அணுக்கள் மூன்று, நான்கு வாரத்துக்குப் பிறகு முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. கெடுவைத் தாண்டும் ஒவ்வொரு நாளும் நோய் கட்டுப்படும் வாய்ப்பைச் சுமார் ஒரு சதவீதம் வரை குறைப்பதாகப் பழைய ஆய்வுகள் கணக்கிட்டிருக்கின்றன. பொங்கலுக்கு ஊருக்குப் போனது ஒரு வாரம், காதுகுத்துக்கு நாலு நாள், இயந்திரம் பழுதானதில் மூன்று நாள் என்று சேர்ந்தால் இழப்பு பெரிது. விடுபட்ட நாட்களை ஈடுகட்ட முடியுமா என்று மருத்துவமனையில் கேளுங்கள். சனிக்கிழமை கொடுப்பதும், ஒரே நாளில் ஆறு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டு தடவை கொடுப்பதும் உண்டு.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சையும் அடங்கும். ரயிலில் புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனையில் அதற்கான சான்று தருவார்கள். தினமும் நூறு கிலோமீட்டர் பஸ்ஸில் வந்துபோவதைவிட அருகிலேயே தங்க இடம் கேட்டுப் பாருங்கள். இந்த ஏற்பாடுகளை முதல் நாளே முடித்துவிட்டால், ஆறாம் வாரத்தில் சிகிச்சை பாதியில் நிற்காது.

உடல் படும் பாடு

இரண்டாம், மூன்றாம் வாரத்தில் பேதி தொடங்கும். அடிக்கடி சிறுநீர் வரும், எரியும். சோர்வு இருக்கும். பேதிக்கு மாத்திரை உண்டு. கஞ்சி, இட்லி, மோர், உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் தாங்கும். காரமும், கீரை போன்ற நார்ச்சத்து மிகுந்தவையும் சில வாரங்களுக்குக் குறைவாக இருக்கட்டும். கதிர் படும் தோலில் மஞ்சள், எண்ணெய், பவுடர் எதையும் கேட்காமல் பூச வேண்டாம். காய்ச்சல் வந்தாலோ, தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை என்றாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இவற்றில் பெரும்பாலானவை சிகிச்சை முடிந்த சில வாரங்களில் அடங்கிவிடும்.

நீண்ட கால விளைவுகளைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. சினைப்பைகள் செயலிழப்பதால் இளம் பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுவிடும். இனிக் கருத்தரிக்க முடியாது. இதைச் சிகிச்சைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். முன்கூட்டியே மாதவிலக்கு நின்றவர்களில் பலருக்கு ஹார்மோன் மாத்திரை பாதுகாப்பாகவே தரலாம். எலும்பையும் அது காக்கும். பிறப்புறுப்புப் பாதை இறுகிக் குறுகும். அதைத் தடுக்க, சிகிச்சை முடிந்து சில வாரங்களில் விரிப்பான் என்ற வழவழப்பான கருவியை வாரத்தில் இரண்டு, மூன்று தடவை பயன்படுத்தச் சொல்லித்தருவார்கள். தாம்பத்தியத்துக்கு மட்டுமல்ல, பின்னாளில் மருத்துவர் பரிசோதிக்கவும் அது தேவை. மருத்துவர் சொல்லவில்லை என்றால் செவிலியரிடமாவது கேளுங்கள். கூச்சத்துக்குக் கொடுக்கும் விலை அதிகம்.

கணவருக்கும் ஒரு வார்த்தை. இந்தப் புற்றுநோய் தொட்டால் ஒட்டாது, உறவு கொண்டாலும் ஒட்டாது. இதற்கு அடிப்படையான எச்.பி.வி. வைரஸ் பெரும்பாலான மனிதர்களுக்கு வாழ்வில் ஒரு முறையேனும் வந்து, தானாகவே போய்விடும் ஒன்று. யாருடைய ஒழுக்கத்துக்கும் அது சான்றிதழ் இல்லை. புண் ஆறியதும், மருத்துவர் சரியென்றதும், மனைவி விரும்பும்போது பழையபடி வாழலாம்.

புதிதாக இரண்டு செய்திகள் நம்பிக்கை தருகின்றன. கதிர்வீச்சுக்கு முன் ஆறு வாரம் கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல் மருந்துகளைக் கொடுத்துத் தொடங்கினால், ஐந்து ஆண்டு உயிர்வாழ்வு 72லிருந்து 80 சதவீதமாக உயர்வதை 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்தியாவும் அதில் பங்கேற்றது. அந்த மருந்துகள் பழையவை, விலை எட்டக்கூடியவை. எல்லா நிலைக்கும் பொருந்தாது என்பதால் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். இன்னொன்று, பெம்புரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைக் கதிர்வீச்சோடு சேர்ப்பது. பலன் உண்டு, விலை பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாது. அதை வாங்க முடியவில்லையே என்று நிலத்தை விற்கப் போகும் முன், அடிப்படையான இரண்டு பாதிகளும் நேரத்துக்கு முடிவதை உறுதிசெய்யுங்கள்.

நோய் தொலைவுக்குப் பரவிய நான்காம் நிலையின் இரண்டாம் பகுதியில் கதிர்வீச்சின் நோக்கம் மாறுகிறது. நிற்காத உதிரப்போக்கை ஓரிரு தடவை அல்லது சில நாள் கதிரிலேயே பெரும்பாலும் நிறுத்திவிடலாம். எலும்பு வலிக்கு ஒரே ஒரு தடவை போதுமானதாக இருக்கலாம். அங்கே நீண்ட அட்டவணையால் பெண்ணை அலைக்கழிக்க வேண்டியதில்லை.

சிகிச்சை முடிந்த பிறகு முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் பரிசோதனைக்கு வரச் சொல்வார்கள். நோய் திரும்பினால் பெரும்பாலும் அந்த முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில்தான். மறுபடி உதிரம், கால் வீக்கம், ஒரு பக்க இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலி, தொடர்ந்து எடை குறைவது ஆகியவற்றுக்கு அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம். ஓரிரு ஆண்டு கழித்து மலத்தில் இரத்தம் வந்தால், அது கதிரால் மலக்குடலில் வந்த புண்ணாகவும் இருக்கலாம். அப்போது பார்க்கும் மருத்துவருக்கு அந்தப் பெண் இடுப்பில் கதிர்வீச்சு பெற்றவள் என்று தெரியாமல் அங்கே சதை எடுத்துச் சோதித்தால், ஆறாத ஓட்டை விழும் ஆபத்து உண்டு. ஆகவே எத்தனை கிரே, எத்தனை தடவை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று எழுதிய டிஸ்சார்ஜ் சுருக்கத்தை லேமினேட் செய்து, ரேஷன் கார்டு இருக்கும் பையிலேயே வைத்துவிடுங்கள்.